சாவியை வாங்கிக்கொண்ட ஊர்

எங்கள் பாவா நரசிம்மலு வண்டியில் போய்வந்த ஊர்களின் பெயரைச் சொன்னால் பெரிய பயணி என்று நினைப்பீர்கள். பின்னாலேயே ஒரு தடவை போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி என்பது லாரியின் முதுகில் இரும்புக் கோபுரம் ஒன்றைப் படுக்கவைத்துக் கட்டிய சாமான். மேட்டில் ஏறும்போது மாட்டுவண்டிக்காரன்கூட ஒதுங்கச் சொல்லி வழி கேட்பான். அதற்குப் பின்னால் பைப்பு, டீசல், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி போகும். அந்த லாரியை ஓட்டியவன் நான். அவர் வண்டி கக்கிய புகையைத் தின்றுகொண்டே பாதி இந்தியாவைப் பார்த்தவன் என்று என்னைச் சொல்லலாம்.

பாவா என்றால் அக்காவின் கணவர். எங்கள் வீட்டில் தெலுங்கும் பேசுவோம், அதனால் அந்த முறை. வண்டி ஏறிவிட்டால் தமிழ்தான், கூட வரும் ஆட்களுக்கும் புரிய வேண்டுமே. கோபம் வந்தால் மட்டும் பாவாவுக்கு இரண்டு மொழியும் சேர்ந்து வரும். என் அக்கா கனகம் அவரிடம் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அவிநாசிக்குத் தெற்கே, மழையை நம்பிப் பயிர் செய்யும் காட்டில் பிறந்தவர் பாவா. அவர் அப்பா கிணறு வெட்டி, அது பாறையில் முட்டி நின்றுபோய், கடைசியில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். பாவாவுக்குக் காடு கைக்கு வந்ததும் முதல் காரியமாகப் போர் போட்டார். முந்நூறு அடி போயும் வெறும் புழுதி. வண்டிக்காரர் பைப்பை உருவச் சொல்லிவிட்டார். பாவா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாராம்: "இன்னும் ரெண்டு பைப்பு மட்டும் இறக்குங்க." இரண்டாவது பைப்பு பாதி இறங்கும்போது தண்ணீர் பீறிட்டு அடித்தது. அந்தத் தண்ணீரில்தான் வெங்காயம் போட்டார், பருத்தி போட்டார், என் அக்காவைக் கட்டினார், மகளைப் படிக்கவைத்தார். பிறகு நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து அவரே போர் வண்டி வாங்கினார். எந்த ஊரில் போர் போட்டாலும், தண்ணீர் வராவிட்டாலும் சரி, கொஞ்சமாக வந்தாலும் சரி, "இன்னும் ரெண்டு பைப்பு" என்பார். ஊரில் அவருக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. அவருக்கு அதில் பெருமை வேறு.

தொண்ணூற்று மூன்றில், தீபாவளி முடிந்த கையோடு குஜராத்துக்குக் கிளம்பினோம். கட்ச் பக்கம் கொஞ்சம் வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சேலம், பெங்களூர், ஹூப்ளி, புனே என்று ஊர்ந்து ஊர்ந்து போனோம். பம்பாயைச் சுற்றிக்கொண்டு கடந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. நடந்து வந்திருந்தால் இந்நேரம் திரும்பியிருக்கலாம் என்று கத்தினேன். பாவா எதற்கும் அசைய மாட்டார். வழியில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்துவார், இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார், அங்கே இருப்பவர்களிடம் தமிழிலேயே சௌக்கியம் விசாரிப்பார். அவர்களும் என்னவோ பதில் சொல்லிவிட்டு மோர் கொடுப்பார்கள். அந்த வழியில் பாவா குடித்த மோரை ஊற்றி வைத்தால் ஒரு டேங்கர் நிரம்பும்.

கடலின் கையொன்று உள்ளே புகுந்த இடத்தில் நீளமான பாலம் ஒன்று வந்தது. அதைத் தாண்டினால் கட்ச். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. ஒரு மரமில்லை, ஒரு மேடில்லை, வானமும் தரையும் எங்கே சேர்கின்றன என்றே தெரியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு அழகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாவா கீழே இறங்கினார். அந்த வெள்ளையைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

"உப்பு, சீனு. இத்தன ஏக்கரா சும்மா கெடக்குது பாரு" என்றார். அவர் முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகம் போல இருந்தது. கொஞ்ச தூரம் போய் ரோட்டோரம் சீமைக்கருவேலம் தென்பட்டதும் மறுபடி வண்டியை நிறுத்தினார். "அட, நீ இங்கயும் வந்துபோட்டியா!" என்று அதைப் பார்த்துச் சிரித்தார். சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி அவருக்கு அதில் ஒரு தெம்பு.

உள்நாட்டில் இரண்டு இடத்தில் வேலை முடித்தோம். அங்கேதான் மேகாபாய் எங்களைத் தேடி வந்தார். கடலோரத்து ஊர்க்காரர், எங்கள் பாவா வயது இருக்கும், பெரிய தலைப்பாகை. ஊரில் ஒரே ஒரு பழைய கிணறு, கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விடுகிறது, பக்கத்திலேயே ஒரு போர் போட்டு அடிபம்பு மாட்ட வேண்டும் என்றார். எனக்கு லாரி ஓட்டிக் கற்ற இந்தி உண்டு, அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் வாய்.

மாண்டவியைத் தாண்டி மேற்கே போனோம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் முள்ளும் மணலும். எதிரில் வண்டியே கிடையாது, அங்கங்கே ஒட்டகம் மட்டும் நடு ரோட்டில் நின்று எங்களை ஏற இறங்கப் பார்க்கும். பாவாவுக்குக் கடல் பிடிக்கவில்லை. "இத்தனத் தண்ணி இருந்து ஒரு வாய் குடிக்க ஆகாது" என்று வண்டி நின்ற இடத்தில் என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றிவிட்டார்.

ஊரில் இருந்தது முப்பது நாற்பது வீடுதான். பெண்கள் தலையில் குடத்தின் மேல் குடம் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்துபோய்க்கொண்டு இருந்தார்கள். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி இடம் பார்த்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். மேகாபாயின் மனைவி ஜீவிபென் ஒரு தட்டில் வெல்லம் கொண்டுவந்தார். வண்டியைப் பாவா அந்த அம்மாவின் கையால்தான் தொடங்கவைத்தார்.

மூன்றாவது பைப்பு இறங்கியபோது, அதாவது அறுபது அடியில், தண்ணீர் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் தெளிவான தண்ணீர். ஜீவிபென் முதலில் குடித்துப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினார், பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள். வெல்லம் கைமாறியது. மேகாபாய் கையெடுத்துக் கும்பிட்டு, போதும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்.

எங்கள் ஆளுக்கு மனசு கேட்குமா? கொங்கு நாட்டில் அறுபது அடியில் வரும் தண்ணீரை நாங்கள் தண்ணீர் என்றே சேர்க்க மாட்டோம். அது மேலோட்டமாகக் கசிவது, சித்திரை பிறந்தால் காணாமல் போய்விடும்.

"ஏனுங்க, இத நம்பாதீங்க. எனக்குக் காசே வேண்டாங்க. இன்னும் ரெண்டு பைப்பு இறக்கித் தர்றனுங்க, உங்க பேரன் காலத்துக்கும் வத்தாது" என்றார் பாவா.

நான் இந்தியில் சொன்னேன். எங்கள் பெரியவர்கள் யாரும் இதற்குக் கீழே தோண்டியதில்லை என்றார் மேகாபாய். அதைத் தமிழில் சொன்னேன். "அவங்ககிட்டக் கடப்பாறதான் இருந்துச்சு. நம்மகிட்ட மிஷின் இருக்குதுன்னு சொல்லு" என்று சிரித்தார் பாவா. பேராசையால் சொன்னதல்ல. தனக்குக் கிடைத்த பாக்கியம் அவர்களுக்கும் கிடைக்கட்டும் என்ற நல்ல மனசுதான் அந்த மனிதருக்கு. மேகாபாயும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சரி என்று தலையாட்டியிருப்பார்.

இரண்டாவது பைப்பு முழுதாக இறங்கியபோது தண்ணீர் கோபுரத்தின் உச்சிவரை அடித்தது. குழந்தைகள் நனைந்துகொண்டு ஆடினார்கள். எங்கள் வண்டியின் உதவியாள் வெங்கடபதி துண்டைச் சுழற்றினான். ஜீவிபென் சிரித்துக்கொண்டே கை நிறையப் பிடித்து வாயில் ஊற்றினார். ஊற்றியவர் துப்பிவிட்டார்.

எல்லோரும் குடித்துப் பார்த்தார்கள், எல்லோரும் துப்பினார்கள். பாவா மட்டும் துப்பவில்லை. அந்த உப்புத் தண்ணீரை விழுங்கிவிட்டு அப்படியே நின்றார்.

அந்தக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக மிதக்கும், கீழே முழுக்க உப்பு. ஆழம் போகப் போக நன்மை என்பது எங்கள் ஊர்ப் பாறைக்குத்தான் பொருந்தும், அங்கே பொருந்தாது. நடுவில் இருந்த களிமண் அடுக்கில் நாங்கள் ஓட்டை போட்டுவிட்டோம். இனி கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். அது பக்கத்தில் இருக்கும் பழைய கிணற்றில் கலந்தால் அந்த ஊருக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. மேகாபாய்க்கு இது எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் மொழிபெயர்க்கவில்லை, பாவா கேட்கவும் இல்லை. பிறகு மேகாபாய் விறுவிறுவென்று இரண்டு வண்டியிலும் ஏறி, சாவிகளைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனி என்ன செய்வார்களோ, அடிப்பார்களோ, போலீஸைக் கூப்பிடுவார்களோ என்று வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் ஜீவிபென் வந்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. தட்டுகளை எங்கள் முன்னால் டங்கென்று வைத்தார். தடித்தடியாக ரொட்டி, அதன் மேல் நெய், பூண்டுத் துவையல், ஒரு செம்பு மோர். வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பாவா ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். "கம்புடா, சீனு. நம்ம கம்பு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாவியப் புடுங்கிப்போட்டும் சோறு போடறாங்க பாரு. நம்மூர்ல ஒருத்தன் வந்து கெணத்தக் கெடுத்திருந்தா நாம சோறு போட்டிருப்பமா?"

"கட்டி வெச்சிருப்போமுங்க, பாவா" என்றேன். பொய் சொல்ல மனமில்லை.

வெங்கடபதி மெதுவாக வாயைத் திறந்தான். "சாவி எதுக்குங்க? ஒயரப் புடுங்கிச் சேத்துனா வண்டி கெளம்பீருங்க."

"கெளம்பிப் போயி? போற வழியில யார் ஊட்டுல தண்ணி கேப்பே?" என்றார் பாவா.

மறுநாள் காலையில் பழைய கிணற்றுத் தண்ணீரில் லேசாக உப்பு தட்டியது. ஜீவிபென் குடத்தைக் கொண்டுவந்து பாவாவிடம் நீட்டினார், அவரும் குடித்துப் பார்த்தார். நேராக மேகாபாயிடம் போனார். வயலில் மடை அடைப்பதுபோல இதையும் களிமண் போட்டு அடைத்துப் பார்க்கிறேன், அடைபடும்வரை நான் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை, சாவி உங்களிடமே இருக்கட்டும் என்று என்னைச் சொல்லச் சொன்னார். மேகாபாய் ஊரின் வறண்ட குளத்துக்கு வழி காட்டினார்.

அடியில் தோண்டினால் நல்ல பசைமண். அதைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து உருண்டை பிடித்து, தண்ணீரில் கரையாமல் நேரே அடிக்குப் போகும் அளவுக்கு வெயிலில் காயவைக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பாவாவும் வேட்டியை மடித்துக்கொண்டு அந்த வரிசையில் உட்கார்ந்தார். அவர் பிடித்த உருண்டைகள் எல்லாம் வெடித்தன. ஜீவிபென் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்து, அவர் கையிலிருந்து பிடுங்கித் தானே மறுபடி உருட்டினார். கை வேலை ஒன்றும் உருப்படியாக வராத மனிதர் என்று அக்காவும் சொல்வாள்.

காய்ந்த உருண்டைகளைக் குழிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, பைப்பை இறக்கி மேலிருந்து இடித்து இறுக்கினோம். மிஷினுக்குத் தனி இன்ஜின், அதற்கு வண்டிச் சாவி வேண்டாம். களிமண் அடுக்கு இருந்த உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி, மேலே நின்ற உப்புத் தண்ணீரை ஊதி வெளியே தள்ளினோம். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு காலையும் ஜீவிபென் கிணற்றில் ஒரு வாய் குடிப்பார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்போம். இன்னும் உப்பு என்று அவர் தலையை ஆட்டுவார். பாவா வண்டிக்குத் திரும்பிவந்து படுத்துக்கொள்வார். ரொட்டி மட்டும் நேரம் தவறாமல் வந்தது. பாவா அதை வெங்கடபதி பக்கம் தள்ளிவிடுவார். நான் கடவுளை அவ்வளவாகத் தொந்தரவு செய்கிறவன் அல்ல, ஆனால் அந்த நாட்களில் அவிநாசியப்பருக்கு வேண்டுதல் வைத்தேன்.

ஒரு காலை ஜீவிபென் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு பாவாவிடம் நடந்துவந்து, அவர் கையில் சாய்த்து ஊற்றினார். பாவா குடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இனிக்குதுடா" என்றார். குழந்தை மாதிரி அழுதார் அந்த ஆள், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல். எனக்கும் அடக்க முடியவில்லை.

புதுப் போரிலும் அறுபது அடியில் நல்ல தண்ணீரே நின்றது. கிளம்பலாம் என்று பாவா கையை நீட்டினார். மேகாபாய் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, முதலில் சாப்பாடு, அப்புறம் சாவி என்றார். அன்றைக்கு மத்தியானம் எங்களோடு அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எந்த வருஷம் வடக்கே போனாலும் பாவா அந்த ஊருக்குப் போகாமல் திரும்பியதில்லை. வேலை எங்கேயோ இருக்கும், இவர் அந்தக் கோபுரத்தையும் இழுத்துக்கொண்டு பாலைவனத்தைச் சுற்றிக் கடலோரம் போவார். எதற்கு? ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்க. அடைப்பு நிற்கிறதா என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டீசல் என்ன மரத்திலா காய்க்கிறது என்று நான் ஒவ்வொரு தடவையும் கத்துவேன். அந்த வெள்ளைத் தரை கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொள்வேன். வண்டி ஊருக்குள் நுழைந்ததும் மேகாபாய் ஓடிவந்து, சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல், ஜன்னலுக்கு நேரே கையை நீட்டுவார். பாவா சாவியைக் கொடுப்பார். அது சட்டைப்பைக்குள் போகும், பிறகு தண்ணீர், பிறகு கம்பு ரொட்டி, கடைசியில் சாவி. ஊரின் பெயர் பாவாவின் வாயில் நுழையவே இல்லை. சாவி ஊர் என்றுதான் சொல்வார். நம் பக்கத்திலும் அவர் மாறிப்போனார். தாராபுரத்துப் பக்கம் போர் போட்டால்கூடத் தண்ணீர் தட்டியதும் நிறுத்தி, "போதுங்களா?" என்று தோட்டக்காரரைக் கேட்பார்.

வருஷக்கணக்கில் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று அவர் காது மந்தமாகிவிட்டது. தொண்ணூற்றெட்டில் வண்டியை விற்றுவிட்டார்கள். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கத்தில், மகள் வீட்டுத் தெருவிலேயே பாவா குடிவந்தார். உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் உட்காருவார். குழாயைத் திறந்து, இனிப்புக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு, அங்கே இப்போது எப்படி இருக்கிறதோ என்பார். கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு வேறு ஊர்த் தண்ணீருக்கு ஏங்கிய மனிதர் அவர் ஒருவர்தான் இருப்பார். அடுத்த வருஷம் அக்காவே அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னாள்: "ஏனுங்க, என்னையுந்தான் ஒருக்காக் கூட்டிட்டுப் போங்களேன்."

மூன்று பேரும் ரயிலில் அகமதாபாத், அங்கிருந்து பஸ் என்று போனோம். அக்கா பொள்ளாச்சியைத் தாண்டாதவள். பெரிய கேன் நிறையச் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்தாள், வேறு தண்ணீர் சேராதாம். அது பம்பாய்க்கு முன்பே காலி. பாலத்தைத் தாண்டி அந்த வெள்ளை தெரிந்ததும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். "ஏனுங்க, இத்தனப் பஞ்சையும் யாருங்க காயப் போட்டது?" என்றாள். பாவாவுக்கு அது கேட்கவில்லை. கேட்டவன் நான் மட்டும்தான், சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

ஊர் எல்லையில் பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனது. மேகாபாய் ஏதோ வேலையாக அங்கேயே நின்றிருந்தார், தலைப்பாகைக்குக் கீழே மீசை முழுக்க நரைத்திருந்தது. பாவாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் வண்டி இல்லை என்பது அவருக்கு உறைத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. பாவா சட்டைப்பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், கொடுக்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவ்வளவு தவித்து நான் பார்த்ததில்லை.

சாவிக் கதை அக்காவுக்கு மனப்பாடம். முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தங்கள் கோயமுத்தூர் வீட்டுச் சாவியை எடுத்து மேகாபாயின் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஜீவிபென்னைக் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

அடிபம்பில் ஜீவிபென் அடிக்க, அக்கா குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பாவா பரீட்சை எழுதியவர் மாதிரி பக்கத்தில் நின்றார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே போய், "நல்லாருக்குதுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் குடித்தார்.

மத்தியானம் ரொட்டியும் மோரும் முடிந்து கை கழுவியதும் மேகாபாய் வழக்கப்படி சாவியை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"அவசரம் ஒண்ணுமில்லீங்க, நாளைக்குக் குடுத்தாப் போதும்னு சொல்லு, சீனு" என்றாள்.